ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டா என்ன சொல்றது?

கேள்வி:

மேடம், எனக்கு 25 வயசு, திருநம்பி, அதாவது பொண்ணா பொறந்து ஆணா வாழறவன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், ஒன்றரை வருஷமா கோயம்புத்தூர்ல ஒரு ஐ.டி. கம்பெனில வேலை பாக்குறேன். 14 மாசமா டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி போடுறேன், மொத ஆறு மாசம் தெரிஞ்சவர் மூலமா வாங்கி போட்டேன், இப்ப டாக்டர்கிட்ட போறேன். கலெக்டர் ஆபீஸ்ல அடையாளச் சான்றிதழ் கேக்க போனேன், ஆபரேஷன் பண்ண சர்டிபிகேட் கொண்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆபரேஷனுக்கு காசு இல்ல, கம்பெனி இன்சூரன்ஸ்ல வராதுங்கறாங்க. எச்.ஆர். மேடம் எங்க பர்மிஷன் இல்லாம அதெல்லாம் பண்ணக்கூடாதுன்னு சொல்றாங்க. தீபாவளிக்கு ஊருக்கு போனப்ப வீட்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க, மூணு மாசத்துல சரி பண்ணிடலாம்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. ஒரு பொண்ண லவ் பண்றேன், கல்யாணம் சட்டப்படி முடியுமா? என்ன தம்பின்னு கூப்பிட்டா சந்தோஷம்.

பதில்:

தம்பி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். நீங்க அஞ்சு பிரச்சினைன்னு நினைக்கிறீங்க, எனக்கு என்னமோ ஒண்ணு தான் கண்ணுல படுது. கலெக்டர் ஆபீஸ்காரர், எச்.ஆர்., இன்சூரன்ஸ் டெஸ்க், இத்தன பேரும் உங்களுக்கு வாயாலயே பதில் சொல்லியிருக்காங்க, ஒருத்தர் கூட பேப்பர்ல எழுதித் தரல, நீங்களும் கேக்கல. வாயால சொன்ன "முடியாது"வ வச்சு என்னால ஒரு அப்பீல் கூட போட முடியாது. அதனால இனிமே எங்க போனாலும் எழுத்துல கொடுத்து எழுத்துல வாங்குறதுன்னு வச்சுக்கோங்க. நான் இத எழுதுறது 2025 நவம்பர்ல, இன்னிக்கு இருக்கற சட்டத்த வச்சு சொல்றேன், இந்த ஏரியா அடிக்கடி மாறும், ரொம்ப நாள் கழிச்சு இத வேற யாராவது படிச்சா ஒரு தடவ சரிபாத்துக்கோங்க.

மொதல்ல கலெக்டர் ஆபீஸ். உங்ககிட்ட ஆபரேஷன் சர்டிபிகேட் கேட்டது தப்பு. 2019ல வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துல (2020 ஜனவரி 10லேர்ந்து அமல்ல இருக்கு) ரெண்டு வாசல் இருக்கு, கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே தெரியும். 6வது பிரிவு, நீங்க திருநர்னு மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது உங்க கலெக்டர், கொடுக்கற அடையாளச் சான்றிதழ். இதுக்கு விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் போதும், மருத்துவப் பரிசோதனையோ உடம்பு பரிசோதனையோ கிடையாதுன்னு 2020 விதிகள்லயே எழுதியிருக்கு. 7வது பிரிவு தான் அதுக்கு அடுத்த படி, "ஆண்"ணுன்னோ "பெண்"ணுன்னோ திருத்தின சான்றிதழ் வேணும்னா போற எடம். மருத்துவ பேப்பர்ங்கற பேச்சே அங்க தான் வரும். உங்கள மொத வாசல்ல நிக்க வச்சு ரெண்டாவது வாசலோட சாவிய கேட்டிருக்காங்க.

ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி, உங்கள மாதிரியே ஒரு தம்பியோட ஒரு தென் மாவட்ட கலெக்டர் ஆபீஸுக்கு போயிருந்தேன். கவுண்டர்ல ஒரு பெரியவர், ஃபார்ம வாங்கி மொத பக்கத்த கூட முழுசா பாக்கல, "ஆபரேஷன் ஆச்சா?"ன்னார், க்யூல பின்னாடி நிக்கற எட்டு பேருக்கும் கேக்கற மாதிரி. இவன் மொகம் செவந்து போச்சு. நான் ஒண்ணும் பேசல, விதிய பிரிண்ட் எடுத்து அந்த ஒரு வரிய மட்டும் மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டு கொண்டு போயிருந்தேன், அத நீட்டினேன். அவர் கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு விரல் வச்சு எழுத்துக் கூட்டி படிச்சார், திரும்பவும் படிச்சார், அப்புறம் "எங்களுக்கு யாரும் இத சொல்லவே இல்லம்மா"ன்னு சொல்லிட்டு சீல் போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். அவர் மேல எனக்கு கோவமே வரல, நெசமா அவருக்கு தெரியாது. ஆனா அந்த எட்டு பேர் காதுல விழுந்தது விழுந்தது தான், அத எந்த சீலும் அழிக்காது, அதனால தான் நான் இப்பல்லாம் எல்லாரையும் ஆன்லைன்லயே போடச் சொல்றேன்.

திருநருக்கான தேசிய போர்ட்டல் 2020 நவம்பர்லேர்ந்து இருக்கு, அதுல போட்டீங்கன்னா விண்ணப்ப நம்பர் வரும், தேதி பதிவாகும், சான்றிதழ் தர வேண்டிய 30 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். நிராகரிச்சா காரணம் சொல்லியாகணும், சொன்ன நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். எந்த மாவட்டத்துல போடறதுன்னு ஒரு சந்தேகம் வரும், எங்க ஒரு வருஷமா தொடர்ந்து குடியிருக்கீங்களோ அங்க, ஸோ உங்களுக்கு கோயம்புத்தூர் தான், திண்டுக்கல் இல்ல, வாடகை ஒப்பந்தத்த எடுத்து வைங்க. அப்பீல்லயும் இழுத்தடிச்சா ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம், கோயம்புத்தூர்னா சென்னைல போடணும், மதுரைக் கிளைல இல்ல.

ஒருவேள அந்த ஆபீஸர் இன்னும் மேல கேட்டார்னா, 2014 ஏப்ரல் 15 சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப சொல்லுங்க. ஒருத்தரோட பாலினத்த அவங்க தான் சொல்லணும், அத ஏத்துக்க ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு கேக்கறது ஒழுக்கத்துக்கும் சட்டத்துக்கும் எதிரானதுன்னு நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் அன்னிக்கே எழுதிட்டாங்க. அந்த கேஸ போட்டது தேசிய சட்டப் பணிகள் ஆணையம், அவங்களோட 15100 நம்பருக்கு இன்னிக்கும் கூப்பிட்டு இலவச சட்ட உதவி கேக்கலாம். தமிழ்நாடு அரசும் 2025 ஜூலை 31ல மாநில திருநர் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டிருக்கு. கொள்கைங்கறது சட்டம் இல்ல, அத மட்டும் வச்சு கோர்ட்ல ஜெயிக்க முடியாது, ஆனா கவுண்டர்ல "உங்க அரசாங்கமே சொல்லுது சார்"னு பேச கைல ஒண்ணு இருக்கும். நலவாரிய அட்டை வச்சிருக்கேனே அது போதாதான்னு நெறைய பேர் கேப்பாங்க, போதாது, அது 2008ல ஆரம்பிச்ச மாநில வாரியத்தோட அட்டை, திட்டங்களுக்கு உதவும், இந்தச் சான்றிதழோட வேலைய செய்யாது.

ஆனா தம்பி, இந்த 6வது பிரிவு சான்றிதழ்ல "திருநர்"னு தான் வரும், "ஆண்"னு வராது, கைல வாங்கறப்ப கொஞ்சம் வலிக்கும்னு எனக்கு தெரியும். அதுக்கு தான் 7வது பிரிவு. சட்டத்துல அங்க அறுவை சிகிச்சைன்னு தான் வார்த்தை இருக்கு, ஆனா 2020 விதிகள்ல "மருத்துவத் தலையீடு"ன்னா என்னன்னு அர்த்தம் சொல்றப்ப கவுன்சலிங், ஹார்மோன், அறுவை சிகிச்சை மூணையும் சேத்திருக்காங்க. ஆபீஸ்ல சட்டத்த காட்டுவாங்க, நீங்க விதிய காட்டுங்க. இதுக்கு மருத்துவக் கண்காணிப்பாளர் இல்லன்னா தலைமை மருத்துவ அதிகாரி சான்று வேணும், தெரு முனை கிளினிக் டாக்டர் லெட்டர்பேடுல எழுதிக் கொடுத்தா எடுபடாது, பெரிய ஆஸ்பத்திரில கேஸ் ஷீட் ஓப்பன் பண்ணிக்கோங்க. பேப்பர் எல்லாம் சரியா போனா 15 நாள்ல திருத்தின சான்றிதழ் தரணும்.

இங்க தான் நீங்க எழுதின அந்த "மொத ஆறு மாசம்" எனக்கு உறுத்துது. மருந்து விஷயம் என் ஏரியா இல்ல, ஆனா அந்த ஊசிக்கு ரத்தம் கெட்டியாகற வாய்ப்பு உண்டு, அளவு பாத்துக்கிட்டே இருக்கணும்னு ஒவ்வொரு டாக்டரும் சொல்வாங்க, டெஸ்ட் எடுக்காம போட்டதே மொத தப்பு. வக்கீலா எனக்கு இன்னொரு கவலை, அந்த ஆறு மாசத்துக்கு பிரிஸ்கிரிப்ஷன் கிடையாது, பில் கிடையாது, ஆவணத்த பொறுத்தவரைக்கும் அது நடக்கவே இல்ல. அத விடுங்க, அதுக்காக பின்தேதி போட்டு பில் வாங்கற வேலை எல்லாம் வேண்டவே வேண்டாம், கைல இருக்கற எட்டு மாச பிரிஸ்கிரிப்ஷனும் லேப் ரிப்போர்ட்டும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போடுங்க, அது போதும்.

அந்த திருத்தின சான்றிதழ் வந்துட்டா ஆதார், பான், பாஸ்போர்ட், லைசென்ஸ், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், படிப்பு சர்டிபிகேட் எல்லாம் மாத்தலாம், விதிகளோட பின்னிணைப்புல பெரிய பட்டியலே இருக்கு. மத்ததெல்லாம் சுலபமா போயிடும், படிப்பு சர்டிபிகேட் தான் இழுக்கும். அன்னிக்கு நீங்க அந்த பேர்ல தானே பரீட்ச எழுதினீங்கன்னு யுனிவர்சிட்டில கேப்பாங்க. மணிப்பூர் ஹைகோர்ட் 2025ல ஒரு திருநங்கை டாக்டருக்கு புது பேர்ல, புது பாலினத்துல எல்லா படிப்பு சான்றிதழும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு, மனுவோட அத இணைச்சு கொடுங்க. அரசிதழ்ல பேர் மாத்தி வச்சுக்கறதும் நல்லது.

இனி காசும் இன்சூரன்ஸும். உங்க கம்பெனி பாலிசி காப்பிய முழுசா கேட்டு வாங்குங்க, ரெண்டு பக்க சுருக்கத்த கொடுத்து ஏமாத்துவாங்க, முழுசு வேணும். அதுல விலக்குகள்னு ஒரு பகுதி இருக்கும், கோட் எக்ஸ்க்ளூ 07ன்னு தேடுங்க, "பாலின மாற்று சிகிச்சைகள்". இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனிக்கும் பொதுவா கொடுத்த விலக்கு வாசகங்கள்ல இதுவும் ஒண்ணு. எனக்கு இத பாக்குறப்பெல்லாம் எரிச்சல் வரும், ஏன்னா 2019 சட்டத்தோட 15வது பிரிவு அரசாங்கம் ஹார்மோன், ஆபரேஷன், லேசர் வரைக்கும் எல்லாத்துக்கும் காப்பீடு ஏற்பாடு பண்ணணும்னு சொல்லுது, இன்னொரு பக்கம் பாலிசில அதயே வெளிய தள்ள வழி வச்சிருக்காங்க. ஆனா இந்த வாசகம் கட்டாயம் இல்ல, குரூப் பாலிசில முதலாளி கேட்டா எடுத்துட்டு போட முடியும், கூட கொஞ்சம் பிரீமியம் ஆகும். பாலிசி புதுப்பிக்கிற மாசம் எதுன்னு பாத்து, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எச்.ஆர்.க்கு மெயில் போடுங்க, நடுவுல கேட்டா கைய விரிப்பாங்க.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லா ரெக்கார்டும் "ஆண்"னு மாறினதுக்கு அப்புறம் கர்ப்பப்பை சம்பந்தமா ஏதாவது பிரச்சினைன்னு அட்மிட் ஆனீங்கன்னா கம்ப்யூட்டர் அந்த கிளைம துப்பிடும், ஆணுக்கு எப்படி இதுன்னு. அதனால பாலிசில பாலினத்த மாத்தறப்பவே இந்த மாதிரி சிகிச்சைகள் தொடர்ந்து கவர் ஆகும்னு ஒரு வரி மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

அரசாங்க பக்கம்னா, ஆயுஷ்மான் பாரத்துல திருநருக்குன்னு தனியா, ஆளுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஆபரேஷனும் சேத்து கொடுக்கறதுக்கு 2022 ஆகஸ்ட்ல தேசிய சுகாதார ஆணையமும் சமூக நீதி அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கு சாவியே நான் மேல சொன்ன போர்ட்டல் சான்றிதழ் தான். எந்த ஆஸ்பத்திரில இப்ப எடுத்துக்கறாங்கன்னு அட்மிஷனுக்கு முன்னாடி காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைலயும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிலயும் திருநருக்கு தனி கிளினிக் ஆரம்பிச்சிருக்காங்க, அங்க பதிவு பண்ணா ரெண்டு மாங்கா, சிகிச்சையும் ஆச்சு, 7வது பிரிவுக்கு வேண்டிய கையெழுத்தும் அங்கயே கேக்கலாம். காத்திருப்பு இருக்கும், பரவால்ல, காத்திருங்க, வட்டிக்கு வாங்கி தனியார்ல படுக்காதீங்க.

எச்.ஆர். மேடம் சொன்ன பர்மிஷன் கதைக்கு வர்றேன். போன மாசம், 2025 அக்டோபர் 17ம் தேதி, சுப்ரீம் கோர்ட்ல ஜேன் கௌஷிக் வழக்குல தீர்ப்பு வந்துச்சு. ஒரு திருநங்கை டீச்சர, உத்தரப் பிரதேசத்துல ஒரு ஸ்கூல்ல சேத்து எட்டு நாள்ல அனுப்பிட்டாங்க, குஜராத்ல இன்னொரு ஸ்கூல் வேலைய கொடுத்துட்டு பின்வாங்கிடுச்சு. நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் இழப்பீடு கொடுக்கச் சொன்னதோட நிக்கல, சட்டம் வந்து இத்தன வருஷமாகியும் அரசாங்கங்கள் கைய கட்டிக்கிட்டு இருக்குன்னு நல்லா கேட்டுட்டு, நீதிபதி ஆஷா மேனன் தலைமைல ஒரு ஆலோசனைக் குழுவும் போட்டாங்க. அந்த தீர்ப்புலயே உங்களுக்குன்னே எழுதின மாதிரி ஒண்ணு இருக்கு, பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கு முதலாளிகிட்ட அனுமதி வாங்க வேண்டிய அவசியம் இல்ல, வேலையே பாலினத்த அடிப்படையா வச்சது தான்னா ஒழிய. நீங்க கோடு அடிக்கறவர், உங்க வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா பர்மிஷன் வேற லீவு வேற, கொழப்பிக்காதீங்க. லீவு உங்க கம்பெனி விதிப்படி தான், மெடிக்கல் லீவுன்னு கேளுங்க, என்ன ஆபரேஷன்னு டீம்ல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. மெயில்ல ரெண்டே கேள்வி கேளுங்க, நம்ம கம்பெனில 2019 திருநர் சட்டத்தோட 11வது பிரிவுப்படி புகார் அலுவலர் யாரு, சம வாய்ப்புக் கொள்கை எங்க வெளியிட்டிருக்கீங்க. எனக்கு தெரிஞ்சு முக்கால்வாசி கம்பெனில ரெண்டுமே இருக்காது, அந்த மெயிலுக்கு பதில் வர்றதுக்குள்ள எச்.ஆர். மேடம் லீகல் டீம்கிட்ட பேசிடுவாங்க, உங்ககிட்ட பேசற தோரணையும் மாறிடும். அன்பா எழுதுங்க, சண்டை தொனி வேண்டாம்.

அந்த "மூணு மாசத்துல சரி பண்ற" டாக்டர். இத கொஞ்சம் கோவமா தான் எழுதறேன். 2021 ஜூன் 7ல மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்குல இந்த மாதிரி மாத்தற சிகிச்சைக்கு தடை போட்டார், அத தொடர்ந்து 2022ல தேசிய மருத்துவ ஆணையம் இத தொழில் ஒழுக்கக் கேடுன்னே அறிவிச்சிடுச்சு. உலக சுகாதார நிறுவனமும் தன்னோட நோய்ப் பட்டியல் ஐ.சி.டி. 11ல திருநரா இருக்கறத மனநோய் பகுதிலேர்ந்து எடுத்தாச்சு, 2022 ஜனவரிலேர்ந்து அமல். அந்த மாத்திரைய போடாதீங்க, ஆனா சீட்ட கிழிச்சுப் போட்டுடாதீங்க, உங்களுக்கு எதிரா நடந்ததுக்கு உங்ககிட்ட எழுத்துல இருக்கற ஒரே பேப்பர் அது தான்! டாக்டர் பேரு, பதிவு எண், தேதி, மருந்து எல்லாம் அதுலயே இருக்கும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல புகார் கொடுக்க அதுவே போதும். எந்த மாத்திரைன்னு இப்ப பாக்குற டாக்டர்கிட்ட காட்டி கேட்டுக்கோங்க, ஏற்கனவே ரெண்டு மூணு போட்டிருந்தீங்கன்னா அதையும் மறைக்காம சொல்லுங்க.

அம்மா அப்பா மேல கேஸ் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சட்டத்துல வழி இருக்கு, 2019 சட்டத்துல திருநர கொடுமைப்படுத்தினா தண்டனை சொல்ற 18வது பிரிவு இருக்கு, வீட்ல அடைச்சு வச்சா புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 127வது பிரிவு இருக்கு, (18வது பிரிவுல அதிகபட்சமே ரெண்டு வருஷம் தான், பாலியல் கொடுமைக்கும் அதே ரெண்டு வருஷம் தான், அது தனியா அழ வேண்டிய விஷயம்.) நீங்க மேஜர், உங்கள யாரும் பிடிச்சு வைக்க முடியாது, காணோம்னு போலீஸ்ல புகார் கொடுத்தாலும் நீங்க போய் என் இஷ்டத்துல தான் இருக்கேன்னு வாக்குமூலம் கொடுத்தா மேற்கொண்டு தொல்லை பண்ணாம முடிச்சிடணும்னு அதே சுஷ்மா தீர்ப்புல இருக்கு. ஆனா வீட்ல உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனத பாத்தா அவங்க பயந்து போயிருக்காங்க, அவ்வளவு தான். அவங்களுக்கு இத சொல்லிப் பாருங்க: அந்த கேஸ் வந்தப்ப ஜட்ஜுக்கே இந்த விஷயம் சரியா புரியல, எனக்கு தெரியாம நான் எப்படி தீர்ப்பு எழுதறதுன்னு, ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் உக்காந்து கத்துக்கறேன்னு ஓப்பன் கோர்ட் உத்தரவுலயே எழுதிட்டு போய் உக்காந்தார். என்கிட்ட வந்த ஒரு அம்மா இத கேட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "ஜட்ஜுக்கே புரியலையாமா, அப்ப நான் எம்மாத்திரம்"னு சொல்லி சிரிச்சாங்க, அதுக்கு அடுத்த வாரமே புள்ளையோட ஆஸ்பத்திரிக்கு கூட போனாங்க. எல்லா வீட்லயும் அப்படி நடக்கும்னு சொல்ல வரல. கூட ஒரு நல்ல கவுன்சலர்கிட்ட அவங்கள கூட்டிட்டு போங்க, உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு.

கடைசியா கல்யாணம், முடியும். மதுரைக் கிளை 2019 ஏப்ரல்லயே அருண்குமார் வழக்குல, இந்து திருமணச் சட்டத்துல மணமகள்ங்கற வார்த்தைல திருநங்கையும் அடக்கம்னு சொல்லிடுச்சு. 2023 அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட் ஒரே பாலினத் திருமணத்த ஏத்துக்கலன்னு தலைப்புச் செய்தி வந்துச்சே, அதே தீர்ப்புல தான் ஒரு ஆணும் பெண்ணுமா வாழற உறவுல இருக்கற திருநர் இப்ப இருக்கற சட்டங்கள்லயே கல்யாணம் பண்ணிக்கலாம்னும் இருக்கு, அத பத்தி பெருசா யாரும் எழுதல. உங்க விஷயத்துல 7வது பிரிவு சான்றிதழ் கைல இருந்தா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கேள்வி கம்மி, அதனால அது வர்ற வரைக்கும் பொறுங்க, ஆணுக்கு 21 தாண்டிடுச்சு, அது ஓகே. சிறப்புத் திருமணச் சட்டத்துல பண்ணா 30 நாள் நோட்டீஸ் போர்டுல ரெண்டு பேர் பேரும் முகவரியும் ஒட்டுவாங்க. பொண்ணு வீட்ல தெரியுமா தெரியாதான்னு நீங்க எழுதவே இல்ல, தெரியாதுன்னா அந்த நோட்டீஸ கொடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு கடிதம் போடுங்க.